வடகரையிலிருந்து

நான்கு தாள்களை ஒட்டி ஒரே ஊர்.
கல்லச்சு. ஏழடி நீளம்.
முதுகில் காடாத்துணி, ஓரங்களில் பசை காய்ந்த மஞ்சள்.
செயற்பொறியாளர் அறைச் சுவரிலிருந்து இறக்கி
என் வரைமேசையில் விரித்தார்கள்.
சுருண்டுகொள்ளவே பார்த்தது.
மூன்று முனைக்கு பேப்பர் வெயிட்,
நாலாவதற்கு என் டிபன் பாக்ஸ்.

கும்பகோணம், வடகரையிலிருந்து கண்டபடி
என்று அடியில் வளைந்த இங்கிலீஷ் எழுத்து.
வரைந்தவன் பெயரைக் கறையான் வாங்கிக்கொண்டது.

கோபுரங்களை ஒன்றரை மடங்கு இழுத்துவிட்டான்.
ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.
சாரங்கபாணி அந்த உயரம் இருந்தால்
காலை நிழல் சுவாமிமலையில் விழும்.
முன்னால் யாரும் பார்த்திராத ஒரு பனை,
படம் சாயாமல் முட்டுக்கொடுத்த மாதிரி.
ஆற்றில் கரைகொள்ளாத தண்ணீர்.
அதையும் இழுத்திருப்பானோ என்று
ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்:
மணல், சீமைக்கருவேலம்,
நட்டாற்றில் ஸ்டம்பு நட்டு ஆடும் பையன்கள்.

கட்டடங்களுக்கு எண் போட்டிருக்கிறான்.
கோர்ட்டுக்கு நான்கு, சர்ச்சுக்கு ஏழு,
மண்டபம், துரை பங்களா என்று பதினெட்டு வரை.
எண் இல்லாத இடம்தான் வழக்கு.

சக்கரப் படித்துறைக்குக் கிழக்கே
வெளுக்கும் துறை இருந்தது என்கிறார்
மனுதாரர் தையல்நாயகி.
எக்காலத்திலும் இல்லை என்கிறது எங்கள் எதிர்மனு.
அதைத் தட்டச்சு செய்ததும் இதே அறைதான்.

லென்ஸை இறக்கினேன்.
மூன்றாம் தாளும் நான்காம் தாளும் சேருமுன்
கரையில் பதினொரு வெள்ளை.
அரசு வக்கீல் எட்டிப் பார்த்தார்:
"காகிதம்மா. மை படாத காகிதம்.
வெறும் இடத்தையா கூண்டில ஏத்துவே?"

சரிதான். இந்த அச்சில் வெள்ளை என்று ஒரு மை கிடையாது.
சுற்றிலும் கறுப்பைப் போட்டு
நடுவில் கை வைக்காமல் விடுவதுதான் வெள்ளை.
கோபுரத்துக்கு ஆயிரம் கோடு கிழித்தவன்
இங்கே கையை எடுத்திருக்கிறான்.
களைத்தா, கண்டா?

வியாழக்கிழமை அவர் வந்தார், பார்வையிட அனுமதிச் சீட்டோடு.
செருப்பை வாசலில் விட்டார்.
யாரும் விடச் சொல்லவில்லை.
லென்ஸ் வேண்டாம் என்றார்.
தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு
ஏழடியையும் ஒருமுறை நடந்து பார்த்தார்,
கோபுரங்களை விட்டுவிட்டு
கரையை மட்டும்.

"வெயில் இடப்பக்கம். காலம்பற.
துணியெல்லாம் கெழக்க இழுக்குது, மேக்காத்து.
ஆறும் நெறஞ்சிருக்கு. ஆடி.
ஆடிக் காத்துல சும்மா போட்டா அறுத்துக்கிட்டுப் போயிரும்,
கழி நட்டு ரெண்டு முனையும் முடிஞ்சிருக்கு பாருங்க.
இது வேட்டி. இதுவும் வேட்டி.
இது யார் வீட்டுதோ, மெத்தை உறை."

பிறகு இரண்டின்மேல் விரல் நின்றது.
"இதுக ரெண்டும் துணியில்ல.
காத்துக்கு அசையல."

லென்ஸில் பார்த்தேன்.
அந்த இரண்டில் மட்டும் காகிதமே இல்லை.
ராமபாணம் துளைத்த ஓட்டை.
அடியிலிருந்து காடாவின் இழை தெரிந்தது.
துணியில்லை என்று அவர் தள்ளியதில்தான்
நிஜத் துணி.
சொன்னேன். சிரித்தார்.
"வெளுத்து வருஷம் நூறிருக்குமே" என்றார்.

அறிக்கையில் எழுதினேன்:
வெள்ளைகள் பதினொன்று.
பூச்சி அரிப்பு நீங்கலாக ஒன்பது.
காற்று, மேற்கிலிருந்து.
கடைசி வரியை உதவிப் பொறியாளர் அடித்தார்.
அடித்த கோடு கோப்பில் இருக்கிறது,
கீழே உள்ளதை வாசிக்கும்படியாக.

வாய்தா ஆவணிக்குப் போயிற்று.
படம் பழையபடி சுவரேறியது,
கொஞ்சம் கோணலாக.

கரைக்குப் புது வரைபடம் நான்தான் போட வேண்டும்,
ஒன்றுக்கு ஐந்நூறு அளவில்.
புறம்போக்கு என்றால் சாய்கோடுகளால் நிரப்புவது வழக்கம்,
நாற்பத்தைந்து பாகை, இரண்டு மில்லி இடைவெளி.
மேற்கிலிருந்து நிரப்பிக்கொண்டே வந்தேன்.
சக்கரப் படித்துறை தாண்டியதும்
பேனாவை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மணி ஐந்தே முக்கால்.
இன்னும் மூடித்தான் இருக்கிறது.